அம்மாவைக் கூப்பிடு

கார் விற்கும் அந்த ஷோரூமில் அவளுக்கு 'விளக்கம்' என்று பெயர். பெற்றவள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. ஆசை காட்டிக் காரை விற்பவர்கள் வேறு. விற்று முடிந்த பிறகு, வாங்கினவரை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்து, தானும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, நடுவில் இருக்கிற பெரிய திரையில் வழி கேட்பது எப்படி, பாட்டுப் போடுவது எப்படி, வாயால் சொல்லியே காரை வேலை வாங்குவது எப்படி என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து அனுப்பி வைப்பது அவள் வேலை. நல்ல வேலைதான். ஏசி உண்டு, உட்கார்ந்த இடம் மெத்தென்று இருக்கும், எல்லாம் அடுத்தவர் கார்.

காரிடம் பேச ஆரம்பித்ததும் மனிதர்கள் எப்படி மாறிப்போகிறார்கள் என்பதை அவளைப் போலப் பார்த்தவர்கள் கிடையாது. பெண்டாட்டி முன்னால் வாயே திறக்காத மனிதர் காரை அதட்டுவார். பேரம் பேசும்போது ஷோரூமையே அலறவிட்ட அம்மாள், கார் முன்னால் புதுமணப்பெண் மாதிரி குழைவார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், தயவுசெய்து என்று சொல்லாமல் யாரிடமும் வேலை வாங்கிப் பழக்கமில்லை என்று அடம்பிடித்தார். "புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்" என்றது கார். அவர் மறுபடி சொன்னார், முன்னிலும் மரியாதையாக. எல்லோருக்கும் அவள் சொல்வது ஒன்றுதான். கத்த வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம், பக்கத்தில் இருக்கிறவரிடம் பேசுகிற மாதிரி பேசுங்கள், அதற்குப் புரியும்.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. வாங்க வருகிறவர்களின் போனை நம்பினால் பொழுது விடிந்துவிடும். ஒன்றில் சார்ஜ் இருக்காது, இன்னொன்றின் பாஸ்வேர்டு வெளியூரில் படிக்கிற மகனுக்கு மட்டும்தான் தெரியும். அதனால் முதலில் தன் போனைக் காரோடு இணைத்துவிடுவாள். "வீட்டுக்குப் போ" என்பாள். திரையில் அவள் வீடு இருக்கிற தெருவரைக்கும் நீலக் கோடு ஓடும். "பாட்டுப் போடு" என்பாள், பாடும். கடைசியில் "அம்மாவைக் கூப்பிடு" என்பாள். காருக்குள் நாலு பக்கமும் மணி கேட்கும். ஒரே ஒரு மணி. உடனே சிவப்புப் பொத்தானைத் தொட்டு நிறுத்திவிடுவாள். வாங்கினவர் முகம் மலர்ந்துபோகும். விளக்கம் முடிந்ததும் தன் போனை அந்தக் காரிலிருந்து அழித்துவிட்டு இறங்குவாள்.

ஏன் அம்மா என்றால், வேறு யாரை நாளெல்லாம் இப்படி மணியடித்து மணியடித்துத் தொந்தரவு செய்ய முடியும்? அண்ணன் வெளியூரில் வேலை. அவளுக்குக் கல்யாணம் என்ற பேச்சு வந்து, இழுத்துக்கொண்டு கிடந்து, தானாகவே ஓய்ந்துவிட்டது. வீட்டில் அவளும் அம்மாவும்தான். அம்மா சட்டைக் கம்பெனியில் காலமெல்லாம் கைப்பட்டி தைத்தவள். இப்போது முழங்கால் வலியோடும் ரத்தக்கொதிப்பு மாத்திரையோடும் இரண்டாவது மாடியில் பகல் முழுவதும் தனியாக இருந்தாள். போன் ஒரு தடவை மணியடித்து நின்றால் எங்கேயோ ஒரு கார் விற்றுவிட்டது என்று அர்த்தம். சாயங்காலம் மகள் செருப்பைக் கழற்றுவதற்குள், "இன்னைக்கு வியாபாரம் டல்லு போல, ரெண்டு தடவைதான் அடிச்சுது" என்று கேலி செய்வாள். அந்த ஒற்றை மணியை எடுக்கவும் கூடாது, திரும்பக் கூப்பிடவும் கூடாது. அது அவர்களுக்குள் ஒப்பந்தம்.

ஒருமுறை அம்மா அதை மறந்து திரும்பக் கூப்பிட்டுவிட்டாள். விளக்கத்துக்கு நடுவில், புதுக் காரின் திரை முழுக்க அம்மாவின் முகம். கார் வாங்கினவர் போகிறபோது மேலாளரிடம், உங்கள் ஊழியர் வீட்டுக்கதை பேசத்தான் எங்கள் வண்டியா என்று கேட்டுவிட்டுப் போனார். மேலாளர் எல்லோர் முன்னாலும் அவளை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு இடம் பார்த்துக்கொள் என்றும் சொன்னார். அன்று இரவு சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவள் அம்மாவிடம் அழுதாள். அம்மாவுக்கு அது உள்ளே இறங்கிவிட்டது. அதன்பிறகு, மாத்திரை தீர்ந்துபோன நாளில்கூட மகள் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருந்தவள் அவள்.

ஒரு நாள் காலையிலிருந்தே வரிசையாகக் கார்கள் போகவேண்டியிருந்தது. முதலில் மருந்துக்கடைக்காரர். பின்சீட்டில் மனைவி, மகன், மருமகள். காத்திருந்து வாங்கின கார், குடும்பமே கல்யாண வீடு மாதிரி இருந்தது. அவள் வழக்கம்போல எல்லாம் காட்டினாள். அம்மாவைக் கூப்பிட்டாள், மணி அடித்தது, நிறுத்தினாள். அடுத்து பாட்டின் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பாட்டு நின்றது. திரையில் அம்மா.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேலாளர் நின்றுகொண்டிருந்தார். எத்தனை தடவை சொன்னாலும் இந்த அம்மாவுக்கு ஏறாது என்று எரிச்சலோடு சிவப்புப் பொத்தானைத் தொட்டாள். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாள். மறுபடி அம்மா. மறுபடி சிவப்பு. போனை எடுத்து ஒரு வார்த்தை பேச எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அவள் கண் கண்ணாடிப் பக்கமே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கார் தன் நிதானமான குரலில், "அம்மாவிடமிருந்து புதிய செய்தி. வாசிக்கட்டுமா?" என்று கேட்டது. அவள் வேண்டாம் என்பதற்குள், புதிதாக வித்தை கற்றுக்கொண்ட உற்சாகத்தில் மருந்துக்கடைக்காரர் "வாசி" என்றார். கார் வாசித்தது. ஒரு வார்த்தையும் இல்லை. க, ப, மறுபடி க, ட ட, வ என்று எழுத்தெழுத்தாக, செய்தி அறிக்கை படிக்கிற அதே பவ்யத்தோடு, கடைசிவரை வாசித்து முடித்து, "பதில் அனுப்பவா?" என்று கேட்டது.

கார் முழுக்கச் சிரிப்பு. மருமகள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "டாக்டர் எழுதின சீட்டை வாசிச்ச மாதிரி இருக்குதேம்மா" என்றார் மருந்துக்கடைக்காரர். நல்லவேளை, கோபித்துக்கொள்ளவில்லை என்று அவளுக்கு உயிர் வந்தது. அந்த நிம்மதியில் அவளும் சிரித்தாள். "எங்கம்மாவுக்கு டைப் பண்ண வராது சார். போன் மேல கைய வச்சிருப்பாங்க" என்றாள். மருந்துக்கடைக்காரர் போகும்போது மேலாளரிடம் அவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னார். அம்மாவை சாயங்காலம் என்ன சொல்லித் திட்டுவது என்று அவள் மனதுக்குள் தயார் செய்துகொண்டாள்.

அதற்குப் பிறகும் கார்கள் போயின. ஒவ்வொரு காரிலும் அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். ஒவ்வொரு காரிலும் ஒரு மணி அடித்ததும் நிறுத்தினாள்.

பிற்பகலில் கீழ்வீட்டு அக்காவிடமிருந்து போன் வந்தது. வாங்கின பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க மேலே ஏறியிருக்கிறாள். உள்ளே போன் மணி ஒரு தடவை அடித்து நின்றிருக்கிறது, ஆள் சத்தமே இல்லை. கதவைத் தள்ளிப் பார்த்தால், சமையலறைத் தரையில் அம்மா. வாய் ஒரு பக்கம் இழுத்துக் கிடந்தது, கண் மட்டும் விழித்திருந்தது. ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்றாள் அக்கா. "போனைக் கையிலேயே பிடிச்சிருக்காங்கடி. எவ்ளோ இழுத்தாலும் விடமாட்டேங்கறாங்க" என்றாள்.

அவள் பையைக்கூட எடுக்காமல் வாசலுக்கு ஓடினாள். விற்பனைப் பிரிவில் எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுகிற பையன், ஓட்டிப்பார்க்க வைத்திருக்கும் காரில் அவளை ஏற்றிக்கொண்டான். ஏறியதும் அவள் போன், முன்பே இணைத்திருந்த அந்தக் காரோடு தானாகவே சேர்ந்துகொண்டு, காலையிலிருந்து எல்லோருக்கும் போட்டுக்காட்டிய குத்துப்பாட்டை விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பித்தது. எத்தனையோ பேர் விரலைப் பிடித்து இங்கே தொடுங்கள் என்று சொல்லிக்கொடுத்தவள் அதை நிறுத்தத் தெரியாமல் திரையை உள்ளங்கையால் அடித்தாள். ஆஸ்பத்திரிக்கு வழி கேள் என்றான் நெட்டை. கேட்டாள். "புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்" என்றது கார். மறுபடி கேட்டாள். தொண்டையிலிருந்து வந்தது பேச்சாக இல்லை. கடைசியில் நெட்டைதான் வண்டியை ஓரங்கட்டிப் பாட்டை நிறுத்தி, ஆஸ்பத்திரியின் பெயரைத் தட்டினான். போகிற வழி நெடுக அந்தக் குரல் இடதுபுறம் திரும்பவும், வலதுபுறம் திரும்பவும் என்று பதறாமல் சொல்லிக்கொண்டே வந்தது. அதன் கழுத்தை நெரிக்கவேண்டும் போல அவளுக்கு வெறி வந்தது.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மாவுக்கு அவள் வயதுதான் இருக்கும். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு என்றார். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். அவள் போனைப் பார்க்கவே தேவையில்லை. "காலையில" என்றாள். "பத்தரை இருக்கும்." டாக்டரம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அடைப்பைக் கரைக்க ஓர் ஊசி உண்டு, ஆரம்பித்த சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன், இப்போது போட்டால் ஆபத்து என்று மெதுவாகச் சொன்னார். யாரையும் குறைசொல்கிற குரலில் அல்ல. குறைசொல்லியிருந்தாலாவது நின்று வாங்கிக்கொண்டிருக்கலாம்.

மறுநாள் அண்ணன் வந்து சேர்ந்தான். அம்மாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, சுவரில் சாய்ந்துகொண்டு அவன் கேட்டது ஒரே கேள்விதான்.

"உன்னைக் கூப்பிடவே இல்லையா?"

"போன் சைலண்ட்ல இருந்துச்சு" என்றாள் அவள்.

அண்ணன் அவள் தோளைத் தட்டி, விடு, உனக்கு எப்படித் தெரியும் என்றான். அவளுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. வராந்தாவில் உட்கார்ந்து அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். வலது கை விழுந்துபோய், பழக்கமில்லாத இடது கையால் தட்டின எழுத்துகள். அதில் எங்காவது ஒரு வார்த்தை தேறுமா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். தேறவில்லை.

அம்மாவின் உயிருக்கு ஆபத்து நீங்கியது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், படங்கள் ஒட்டின அட்டைகளைக் காட்டிப் பார்த்துவிட்டு, நாம் சொல்வதெல்லாம் அம்மாவுக்கு நன்றாகப் புரிகிறது, பதில் சொல்லத்தான் வார்த்தை வராது, வரும் என்று உறுதியாகச் சொல்லமுடியாது என்றாள். அண்ணனுக்கு லீவு தீர்ந்துபோனது. அம்மாவை எப்போது வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று கேட்க அவன் ஆஸ்பத்திரி அலுவலகப் பக்கம் போயிருந்த ஒரு மத்தியானம், விளக்கம் கட்டிலோரம் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யாரிடமும் சொல்லாமல் அவளால் இனிமேல் ஒரு வாய் சோறு விழுங்கமுடியாது. சொல்வதற்கு உரியவள் ஒருத்திதான்.

"அம்மா, அன்னைக்கு நீ கூப்பிட்டது எனக்குத் தெரியும்மா" என்றாள். "நான்தான் கட் பண்ணேன். ரெண்டு தடவையும் நான்தான்."

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ அனுப்பினதைக் கார் படிச்சுது. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேம்மா." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்கப்புறமும் நான் கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தேன். நீ எடுக்கறதுக்குள்ள நானே நிறுத்திட்டேன்."

அம்மாவின் வாய் அசைந்தது. உள்ளேயிருந்து ஏதோ வந்தது. நீளமான பேச்சு, ஏற்ற இறக்கத்தோடு, நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கி, முழுசாகச் சொல்லி முடித்தாள். அவ்வளவும் எழுத்தும் சேராத வார்த்தையும் சேராத வெறும் சத்தம். அவள் குனிந்து காதை அம்மாவின் வாயருகே கொண்டுபோனாள். "புரியலம்மா. இன்னொரு தடவை சொல்லு" என்றாள். அம்மா சொன்னாள். இடது கையால் போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, அதையேதான் மறுபடி சொன்னாள். அதையேதான் சொன்னாளா என்பதுகூட அவளுக்கு நிச்சயமில்லை.

"என்னைத் திட்டறியாம்மா? திட்டறதுன்னா தலையை ஆட்டு." தலை அசையவில்லை. பரவாயில்லை என்கிறாயா என்று கேட்டாள். அதற்கும் அசையவில்லை. தண்ணீர் வேணுமா என்று கேட்டு டம்ளரை எடுத்து, கரண்டியால் உதட்டருகே கொண்டுபோனாள்.

அம்மா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தண்ணீர் தலையணையில் வழிந்தது. அதற்குப் பிறகு அம்மா அவளிடம் எதையும் சொல்ல முயலவில்லை.