பெட்டிக்கு வந்த மரியாதை

திருவிழாக்களில் பாட்டுக் கச்சேரி நடத்தும் இன்னிசைக் குழு ஒன்றில் நான் கீபோர்டு வாசிக்கிறேன். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் எங்களைத் தெரியாத அம்மன் கிடையாது. மனிதர்களுக்குத்தான் அவ்வளவாகத் தெரியாது.

நாங்கள் போகிற வண்டி ஒரு லோடு வேன். அதில் முதலில் ஏறுவது ஸ்பீக்கர். அடுத்து ஜெனரேட்டர், ஸ்டாண்டுகள், ஒயர் மூட்டை, ட்ரம்ஸ். இவற்றுக்கெல்லாம் இடம் கொடுத்தது போக ஏதாவது மிஞ்சினால் கலைஞர்கள் ஏறிக்கொள்ளலாம். என் கீபோர்டு ஒரு ஜிப் வைத்த துணிப் பையில் வரும். பையை மடியில் வைத்துக்கொண்டால் என் கால் மரத்துப்போகும், கீழே வைத்தால் யாராவது அதன்மேல் உட்காருவார்கள். நான் பெரும்பாலும் காலைத்தான் தியாகம் செய்து வந்தேன்.

சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆலத்தியூர்ப் பக்கம் கச்சேரி என்றால் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னாலேயே போயாக வேண்டும். முந்த முடியாது, முந்தினாலும் முன்னால் இன்னொரு லாரி இருக்கும். ஊர் போய்ச் சேரும்போது ஜிப்புக்குள் நுழைந்த தூசியில் கீபோர்டின் கறுப்புக் கட்டை, வெள்ளைக் கட்டை எல்லாம் ஒரே நிறமாகியிருக்கும். எங்கள் பக்கத்தில் நான் கண்ணால் பார்த்த சமத்துவம் அது ஒன்றுதான்.

ஒருநாள் ஒரு வேகத்தடையில் வண்டி எகிறியதில் ஸ்பீக்கர் ஒன்று சரிந்து பையின்மேல் விழுந்தது. மேடையில் போய் எடுத்து வைத்தால், நடுவிலிருந்த ஒரு கட்டை அமுங்கினது அமுங்கினபடியே கிடந்தது. அதை விரலால் நெம்பிப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. அம்மன் பாட்டு முழுக்க அந்த ஒரே ஸ்வரம் விடாமல் கத்தியது. கீழே இறங்கியதும் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, "சுருதி சுத்தமா இருந்துச்சுப்பா" என்று பாராட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றுதான் கீபோர்டுக்கு நல்லதாக ஒரு பெட்டி வேண்டும் என்று முடிவு செய்தேன்.

எங்கள் குழுவின் ஓனரிடம் சொன்னேன். அவர்தான் முதல் பாடகர், அறிவிப்பாளர், வண்டி டிரைவரும் அவர்தான். "எதுக்குப் பெட்டி? பழைய கம்பளி ஒண்ணு சுத்திக் கொண்டாயேன்" என்றார். அவருடைய மைக்குக்கு மட்டும் வெல்வெட் உள்வைத்த சின்னப் பெட்டி உண்டு. அதை மனைவியைத் தவிர வேறு யாரும் தொட அனுமதியில்லை.

செல்போனில் தேடினேன். பெட்டி விற்கிறவர்கள் அதை எப்படியெல்லாம் சித்திரவதை செய்து காட்டுகிறார்கள்! ஒருவர் மாடியிலிருந்து தள்ளிவிடுகிறார். இன்னொருவர் அதன்மேல் காரை ஏற்றுகிறார். ஒரு பெட்டியைக் குளத்தில் மிதக்கவிட்டு அதன்மேல் ஒரு பெண் உட்கார்ந்து சிரிக்கிறாள். எல்லாம் சரிதான், ஆனால் எங்கள் ட்ரம்ஸ்காரர் வெற்றிலையை மென்றுகொண்டு அதன்மேல் இரண்டு மணி நேரம் சாய்ந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் சோதித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

திருச்சியில் இசைக்கருவிக் கடைக்குப் போனேன். கடைக்காரப் பையன் ரொம்ப மரியாதையாக, "உங்களுக்கு ஃப்ளைட் கேஸ்தான் சார் செட்டாகும். இன்டர்நேஷனல் டூர் போறவங்க எல்லாம் இதான் வாங்குவாங்க" என்றான். எங்கள் பெரம்பலூருக்கு ரயிலே வரவில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறது. ரயிலே பார்க்காத ஊரிலிருந்து ஃப்ளைட்டுக்குப் பெட்டி வாங்க வந்திருக்கிறேனே என்று எனக்கே சிரிப்பு வந்தது. விலையைக் கேட்டதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கணக்கு. கீபோர்டை விற்றால் பெட்டி வாங்கலாம்.

கடைசியில் என் மச்சானிடம் போய் நின்றேன். என் மனைவியின் தம்பி. அலுமினியக் கதவு, ஆபீஸ் தடுப்பு எல்லாம் போடுகிற வேலை. "இவ்ளோதானா மாமா? ஒரு கதவ மடிச்சா பொட்டி" என்றான். எங்கள் தெருவிலேயே, வாசலில் வைத்துச் செய்தான். கனமான பிளைவுட், நாலு ஓரமும் அலுமினியப் பட்டை, மூலைக்கு மூலை இரும்புக் கிண்ணம், அடியில் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போடுகிற சக்கரம், மூடி சேரும் இடத்தில் தண்ணீர் புகாமல் இருக்கக் கார் கதவு ரப்பர். உள்ளே வைக்கிற ஸ்பான்ச் மெத்தைக் கடையில் வாங்கியது, நல்ல ரோஸ் கலர். கீபோர்டைப் படுக்க வைத்துப் பார்த்தபோது தொட்டில் கட்டினது மாதிரி இருந்தது. என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "ஒரு பீரோ கேட்டு எத்தன வருசமாச்சு. அதுக்கு வந்துருச்சு பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மறுநாள் பார்க்கிறேன், பெட்டியின்மேல் துணி விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

பெட்டி கனம் என்றால் அப்படியொரு கனம். காலியாகவே ஒரு ஆளால் தூக்க முடியாது. ஓனர் முதல் நாள் பார்த்தபோது, "இதுக்கு ஒரு வாத்தியக்காரன் சீட்டு போயிருமேப்பா" என்று முகத்தைச் சுளித்தார். ஆனால் அரியலூர்ப் பக்கம் ஒரு ஊரில் பெட்டியை இறக்கிய அன்றைக்கு ஒரு அதிசயம் நடந்தது. அதுவரைக்கும் எந்த ஊரிலும் நான் 'தம்பி'தான். "தம்பி, பைய ஓரமா வை. தம்பி, அந்த ஒயரக் கொஞ்சம் புடி." அன்றைக்குப் பெட்டி உருண்டு வந்ததும் விழாக் குழுக்காரர் ஒருவர் ஓடிவந்து, "சார், பாத்து சார், படி இருக்கு. கம்ப்யூட்டர் ஐட்டமா சார்?" என்றார். நாற்காலி வந்தது. போண்டா வந்தது, அதுவும் சட்னியோடு. அவர்கள் கொடுத்த 'சார்' ஒன்றுகூடக் கீபோர்டு வாசிப்புக்குக் கிடைத்ததில்லை, எல்லாம் பெட்டிக்குத்தான் என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. போகப்போக என் நடையே மாறிவிட்டது என்று மனைவி சொன்னாள்.

எங்கள் பக்கத்தில் புது ஆளைப் பார்த்தால் முதலில் ஊரைக் கேட்பார்கள். அடுத்து, ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். வீட்டுக்கு வழி தெரிந்துகொள்வதற்காக இல்லை. ஊருக்குள்ளே குடியிருப்பவனா, ஊருக்கு வெளியே காலனியில் குடியிருப்பவனா என்று தெரிந்துவிட்டால், அப்புறம் தண்ணீரை எதில் கொடுப்பது, எங்கே உட்காரச் சொல்வது என்பதெல்லாம் தானாக முடிவாகிவிடும். சாதி என்ற வார்த்தையை யாரும் வாயில் எடுக்கவே மாட்டார்கள், அவ்வளவு நாகரிகம். நான் குழுவில் சேர்ந்த புதிதிலேயே ஓனர் சொல்லியிருந்தார்: "யாரு கேட்டாலும் டவுனுன்னு சொல்லிரு. வந்தமா வாசிச்சமா போனமான்னு இருக்கணும்." அவர் ஊருக்குள்ளே குடியிருப்பவர். நானும் பல வருடமாக டவுன் என்றே சொல்லி வந்தேன்.

வரதராஜன்பேட்டையைத் தாண்டி ஒரு ஊரில் கச்சேரி. மதியமே போய்விட்டோம். வண்டியிலிருந்து பெட்டியை இறக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மேடைக்கு எதிர் வீடு விழாக் குழுத் தலைவருடையது. ரோடு காண்ட்ராக்ட் எடுப்பவர், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அவரே குடையோடு ஓடிவந்தார். "சார், பெட்டிய உள்ள கொண்டாங்க சார். நனைஞ்சிரப் போவுது!" ஆட்களைக் கூப்பிட்டுப் படியில் தூக்கி ஏற்றி உள்ளே உருட்டச் சொன்னார். வழவழவென்று டைல்ஸ் போட்ட அவர் வீட்டு ஹாலின் நடுவில், ஃபேனுக்கு நேர் கீழே, பெட்டி போய் நின்றது. பெட்டிக்குப் பின்னாலேயே நானும் ஓனரும் போனோம். சோபாவில் உட்காரச் சொன்னார். எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. பெட்டியைத் தட்டிப் பார்த்து, "வெளிநாட்டுச் சரக்கா சார்? அடேங்கப்பா" என்றார்.

நான் காபியை ஒரு வாய் குடித்தேன். நல்ல காபி.

"சாருக்கு எந்த ஊருங்க?"

"குரும்பலூர் பக்கங்க."

"அட, நம்ம சம்மந்தி வூடு அங்கிட்டுதான். ஊர்ல எந்தப் பக்கம்?"

ஓனர் குறுக்கே பாய்ந்தார். "அவரு டவுன்லயே செட்டிலாயிட்டாருங்க."

"டவுன்ல செட்டிலாயிட்டா சொந்த ஊரு இல்லாமப் போயிருமா?" என்று தலைவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

எப்போதும் சொல்கிற பொய் நாக்கு நுனியில் இருந்தது. அன்றைக்கு ஏனோ அதைச் சொல்லப் பிடிக்கவில்லை. சோபா, காபி, வரிசையாக வந்த சார்கள், எல்லாம் சேர்ந்து எனக்குத் தைரியம் கொடுத்துவிட்டன. இவ்வளவு மரியாதை தெரிந்த மனிதர், இவருக்குப் போய் அது ஒரு விஷயமா என்று நினைத்தேன். அப்படி நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"காலனிங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. முகம்கூட மாறவில்லை. "அப்பிடிங்களா, நல்லது நல்லது" என்றார். கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். பிறகு ரொம்பக் கனிவாகச் சொன்னார்: "இங்க புழுக்கமா இருக்குல்ல? பந்தல்ல நல்லா காத்து வரும் தம்பி. அங்க போயி உக்காருங்களேன். பெட்டி இங்கயே இருக்கட்டும், நனைஞ்சிரப் போவுது."

சார் போய்த் தம்பி வந்துவிட்டது. பந்தல் என்று அவர் சொன்ன இடம் ஜன்னல் வழியே தெரிந்தது. அதன் கூரைத் துணி தண்ணீர் தாங்காமல் தொங்கி, நாலு இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு நாய் மட்டும் நின்றது.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

"பெட்டி நனையாதுங்க. நனையாத மாதிரிதான் செஞ்சிருக்கோம்."

"எங்க செஞ்சது?" என்றார், பேச்சை மாற்றுகிறவராக.

"எங்க தெருவுலதாங்க. காலனியில. என் மச்சான் செஞ்சான்."

அப்போதுதான் அவர் பார்வை, வாசலிலிருந்து ஹாலின் நடுவரைக்கும் டைல்ஸில் சேறாக ஓடியிருந்த சக்கரத் தடத்துக்குப் போனது. அதற்கு மேல் அவரும் பெட்டியை இருக்கச் சொல்லி வற்புறுத்தவில்லை. தூக்குவதற்கு ஆட்களையும் கூப்பிடவில்லை. நான் பின்னாலிருந்து தள்ள, ஓனர் முன்னால் பிடிக்க, வாசல்படியில் மூன்று தரம் முட்டிக்கொண்டு மழைக்குள் இறங்கினோம்.

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா நீ?" என்று ஓனர் நனைந்தபடியே பொருமினார். "டவுன்னு ஒரு வார்த்த. என்ன, நாக்குத் தேஞ்சா போயிரும்? அடுத்த வருசம் நம்மளக் கூப்புடுவாங்களா சொல்லு."

அவர் கெட்டவர் இல்லை. அவருடைய நியாயம் எல்லாம் அடுத்த வருடத்து அட்வான்ஸ் வரைக்கும் போய் நின்றுவிடும்.

பொழுது சாயும்போது மழை விட்டது. மேடையில் பெட்டியைத் திறந்தேன். ரோஸ் ஸ்பான்சில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. மச்சான் போட்ட ரப்பர் அப்படி. என் சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் தேறும். கீபோர்டை எடுத்து ஸ்டாண்டில் வைத்து, காலிப் பெட்டியை மூடி மேடையின் ஓரமாக நிறுத்தினேன். ஜனம் நிறைய வந்திருந்தது. முதல் பாட்டு நன்றாகவே போனது.

இரண்டாவது பாட்டு முடிந்ததும் கலைஞர்களுக்குப் பொன்னாடை. எந்த ஊர்த் திருவிழாவானாலும் இது தப்பாது. ஓனர் மைக்கில் ஒவ்வொருவர் பெயராகச் சொல்ல, தலைவர் மேடையேறி வரிசையாகப் போர்த்திக்கொண்டு வந்தார். ஓனரைத் தோளோடு சேர்த்து அணைத்தார். ட்ரம்ஸ்காரரிடம் எந்த ஊர் என்று யாரும் கேட்டிருக்கவில்லை, அவருக்கும் ஒரு அணைப்பு கிடைத்தது. அடுத்தது நான். ஓனருக்குத் தொழில் பழக்கம், மதியம் நடந்ததை மறந்து வாய் பேசிவிட்டது: "அடுத்து, நமது கீபோர்டு கலைஞருக்கு, விழாக் குழுத் தலைவர் அவர்கள் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கிறார்கள்!"

நான் கீபோர்டை விட்டு முன்னால் வந்து நின்றேன். உண்மையைச் சொன்னால், வேண்டாம் என்று திரும்பியிருக்க வேண்டும். ஆனால் மனசுக்குள் ஒரு நப்பாசை. இத்தனை பேர் பார்க்கிறார்கள், இங்கே என்ன செய்துவிடுவார், போர்த்தித்தானே ஆக வேண்டும் என்று. அவர் உயரம் கொஞ்சம் கம்மி. அவருக்கு எட்டட்டும் என்று நன்றாகக் குனிந்து கழுத்தைக் கொடுத்தேன்.

அவர் பொன்னாடையை விரித்தார். ஜரிகை வெளிச்சத்தில் பளபளத்தது. விரித்த கையோடு அப்படியே நின்றார். என்ன செய்வது என்று அவருக்கும் ஒரு கணம் பிடிபடவில்லை. பிறகு ஓனரிடமிருந்து மைக்கை வாங்கினார்.

"வாத்தியங்கறது யாரு? சாட்சாத் சரஸ்வதி. நம்ம ஊர்ல மனுசங்களுக்கு முன்னாடி அந்தத் தாய்க்குத்தான் மரியாத" என்றார்.

சரஸ்வதி ஸ்டாண்டின் மேல், எனக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் இருந்தாள். அவளிடம் போக வேண்டுமானால் என்னை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். தலைவர் சுற்றிக்கொண்டு மேடையின் ஓரத்துக்குப் போனார். அங்கே நின்ற காலிப் பெட்டிக்குப் பொன்னாடையைப் போர்த்தி, மூலைகளை இழுத்துச் சரிசெய்து, இரண்டு கையும் கூப்பிக் கும்பிட்டார்.

கூட்டம் கைதட்டியது. முன்வரிசைப் பெண்கள் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் அப்போதும் குனிந்தேதான் நின்றுகொண்டிருந்தேன்.