ஞானாபரணம் அக்காவின் ஸ்லைடு

ஞானாபரணம் அக்காவின் இடது தோள் வலது தோளைவிடச் சற்று இறங்கியிருக்கும். கல்யாணமான நான்காம் வருடம் புருஷன் உலக்கையால் அடித்து எலும்பை முறித்தான். ஏழு வருடம் பொறுத்த பிறகு அவனை விட்டு வந்து, கோவையில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியனாகச் சேர்ந்தார். எந்தச் சோதனையானாலும் நோயாளியின் ரத்தத்துக்குப் பக்கத்தில் தன் ரத்தத்தையும் வைத்துப் பார்ப்பார். நல்லது எப்படித் தெரிகிறது என்று பார்க்காமல் கெட்டதைச் சொல்லக் கூடாது என்பார்.

1996இல் சோமனூரிலிருந்து மோகனப்பிரியாவைக் கொண்டுவந்தார்கள். இருபத்திரண்டு வயது. முதுகு முழுக்கக் கன்றியிருந்தது. உதடு கிழிந்து, முன்பல் ஒன்று இல்லை. அவள் புருஷன் தம்பிதுரைக்குப் பன்னிரண்டு விசைத்தறி. பேச்சில் தேன் ஒழுகியது.

"தொட்டாலே கன்னிப்போவுதுங்க. ரத்தத்துல ஏதோ கோளாறுங்க."

"வழுக்கி உழுந்துட்டேனுங்க" என்றாள் அவளும்.

எனக்கு அவனைச் செருப்பால் அடிக்கத் தோன்றியது. டாக்டரோ, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் மேலுள்ள ஒரு புரதம் சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது, லேசாக இடித்தாலே கன்றும், அதையும் பார்த்துவிடலாம் என்றார். அந்தப் புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், ஒளிரும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடி எங்களிடம் சின்னக் குப்பியில் இருந்தது. புரதம் இருந்தால் மைக்ராஸ்கோப்பில் பச்சையாக ஒளிரும், இல்லாவிட்டால் இருட்டு. இருட்டென்றால் நோய், அவள் அவனோடு வீட்டுக்குப் போக வேண்டும். பச்சையென்றால் போலீசுக்குப் போவதாக அவள் அம்மா செல்லாத்தாள் சொல்லியிருந்தார்.

இருட்டாகத்தான் இருந்தது.

அக்கா தன் ஸ்லைடை வைத்தார். அதுவும் இருட்டு. வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார்.

"அப்ப எனக்கும் வியாதிதான். அந்த மனுசன் என்னைய அடிக்கவே இல்லையாட்டம் இருக்குது" என்றார்.

குப்பியை எங்கே வைத்திருந்தாய் என்று அட்டெண்டர் ராமுலுவைக் கேட்டோம்.

"கரண்டு போய்ப்போய் வருது, கெடாம இருக்கட்டும்னு ஃப்ரீசருக்குள்ள ஐஸ் கட்டிப் பக்கத்துல வெச்சுப்போட்டேனுங்க" என்றான் பெருமையாக. உறைந்துபோன ஆன்டிபாடி எதிலும் ஒட்டாது.

இந்தச் சோதனை செல்லாது, சென்னையிலிருந்து வேறு குப்பி வரும்வரை பெண் வார்டிலேயே இருக்கட்டும் என்று அக்கா வெளியே போய்ச் சொன்னார். "ரிப்போர்ட்டக் குடுத்துருங்க" என்று தம்பிதுரை இரண்டு தரம் கேட்டான். மூன்றாம் தரம் கேட்கவில்லை. இரும்பு ஸ்டூலைத் தூக்கி அக்காவின் தலைக்கு வீசினான். அவர் கையைக் குறுக்கே கொடுத்தார். பிறகு மோகனப்பிரியாவின் மயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். ரத்தம் என் கோட்டில் தெறித்தது. வாட்ச்மேன்கள் அவனை அமுக்கிப் பிடித்தபோதும் "உடுங்க, என்ற சம்சாரமுங்க" என்றான்.

நான்காம் நாள் புதுக் குப்பி வந்தது. இரண்டு ஸ்லைடும் பச்சை. நான் அழுதுவிட்டேன். அக்கா அழவில்லை, ரிப்போர்ட் எழுதினார்.

மறுநாள் செல்லாத்தாளின் புகாரின்பேரில் வார்டுக்கு வந்த இன்ஸ்பெக்டர், பழைய காயமெல்லாம் எப்படி ஆனது என்று மோகனப்பிரியாவைக் கேட்டார். அவள் கட்டிலருகே நின்ற அக்காவின் கையைப் பார்த்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கறுத்திருந்தது.

"என்ற ஊட்டுக்காரரு அடிச்சாருங்க."

எழுதத் தொடங்கியவரை அவள் நிறுத்தினாள்.

"அடிச்சானுங்க" என்றாள்.

அந்த 'ங்க' இன்ஸ்பெக்டருக்கு. அவனுக்கு அவள் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.