கறுத்துப்போன தேத்தண்ணீர்

எங்கள் தோட்டத்துக்கு முதலில் வந்தது முள்கம்பி. குழாய் அதற்குப் பிறகுதான் வந்தது. அப்போது எனக்கு ஏழு வயது. வெள்ளைக்கார அரசாங்கம் அவசரகாலம் என்று சொல்லி, மந்தின் ஊருக்குப் பக்கத்து ரப்பர் காட்டுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த தொழிலாளர் லயங்களைப் பிரித்து ஒரே இடத்தில் கட்டி, சுற்றிலும் வேலி போட்டார்கள். ஒரே வாசல், அதில் காவல். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் ஒரு பிடி சோற்றைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது. அரசாங்கத்தை எதிர்த்துக் காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்தவர்களுக்கு யாராவது கொடுத்துவிடுவார்கள் என்ற பயம். அவர்களை வேறெப்படியும் குறிப்பிட எங்கள் ஆட்களுக்கும் பயம்தான். 'காட்டுக்காரன்' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அப்பாதான் தண்ணீர் எஞ்சின் ஓட்டுகிறவர். தினமும் விடிந்ததும் தனியாக ஆற்றங்கரைக்குப் போய், எஞ்சினைக் கிளப்பி, மேட்டிலிருந்த தொட்டியை நிரப்பிவிட்டு வருவார். வீட்டுப்படி ஏறும்வரை அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆற்றுத் தண்ணீரின் லட்சணத்தைச் சொல்லவே வேண்டாம். மழை பெய்தால் குழாயில் செம்மண் குழம்புதான் வரும். பெண்கள் முந்தானையில் வடிகட்டிக்கொண்டே அப்பாவைத் திட்டுவார்கள், ஏதோ அவர்தான் ஆற்றைக் கலக்கிவிட்டதுபோல. அப்பா சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

பிறகு ஆற்றங்கரை ஆபத்து என்று, வேலி வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆழமாகக் குழாய் இறக்கிக் கிணறு போட்டார்கள். எஞ்சினும் அங்கே வந்தது. கொட்டகைச் சாவி அப்பாவிடம் மட்டும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் புதுத் தண்ணீரைத் திறந்துவிட்டார். அடடா, என்ன தெளிவு! வாளியின் அடி தெரிந்தது. லயமே குழாயடியில் கூடிவிட்டது. பக்கத்து வீட்டுச் சின்னம்மா ஒரு கை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதுவரை திட்டியவர்கள் எல்லாரும் அப்பாவைப் புகழ்ந்தார்கள். அப்பாவும் தானே பூமிக்குள் இறங்கி எடுத்துவந்ததுபோல மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வெட்டு இல்லை, எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எனக்கு டின் பால் ஊற்றிய தேத்தண்ணீர் கிடைக்கும். அப்போதெல்லாம் கடைக்காரரே டின்னில் ஓட்டை போட்டுத்தான் விற்பார். காட்டுக்குப் போகாமலிருக்க அப்படி ஓர் ஏற்பாடு. அதனால் வாங்கிய பாலைச் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். அதைத் தீர்க்கிற வேலையை நானே விரும்பி ஏற்றுக்கொண்டிருந்தேன். அம்மா அதைத் தொடமாட்டாள். டின் பால் வாடையே அவளுக்குக் குமட்டும். மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் எனக்குக் கலக்கிக் கொடுப்பாள்.

அன்று கொதிக்கிற தண்ணீரில் தேயிலையைப் போட்டதும், தண்ணீர் மைபோலக் கறுத்தது. அம்மா பாலை ஊற்றிப் பார்த்தாள். நாவல்பழம் தின்ற நாக்கின் நிறத்துக்கு வந்தது. ஆற்றிப் பார்க்கலாம் என்று என் வெள்ளைக் கோப்பையில் ஊற்றி வைத்துவிட்டு, "குடிக்காத, இரு" என்று சொல்லி அடுப்பைக் கவனிக்கத் திரும்பினாள். நான் சும்மா இருக்கிற பிள்ளையா? இப்படி ஒரு அதிசயத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் எப்படி உட்கார்ந்திருப்பது? கோப்பையைத் தூக்கிக்கொண்டு லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, "எங்க வீட்டுத் தேத்தண்ணி கறுப்பு! எங்க வீட்டுத் தேத்தண்ணி கறுப்பு!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். ஒவ்வொரு வாசலிலும் எட்டிப் பார்த்தவர்கள் உள்ளே போய்த் தங்கள் பானையைப் பார்த்தார்கள். அங்கேயும் கறுப்பு. பீதியை லயம் முழுக்கப் பரப்பிய பெருமை முழுவதும் என்னையே சேரும்.

"காட்டுக்காரன் விஷத்தக் கலந்துட்டான்லா!" என்று யாரோ சொன்னார்கள். அடுத்த நிமிடம், "கொட்டகைச் சாவி யாருகிட்ட இருக்கு?" என்று இன்னொருவர் கேட்டார்.

அவ்வளவுதான். நேற்றுப் புகழ்ந்த வாய்கள் எல்லாம் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டன. காவலிலிருந்த மலாய்க்கார போலீஸ் சார்ஜனும் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். விஷயம் தெரியும்வரை அப்பாவைச் சிரம்பான் போலீஸ் நிலையத்துக்கு அழைத்துப்போக வேண்டியிருக்கும் என்று மலாயில் சொன்னார். அப்படி அழைத்துப்போன ஒருவர் எங்கள் லயத்தில் உண்டு. போய் ஒரு வருஷம் ஆகியும் திரும்பவில்லை. அவர் சம்சாரம் அந்தக் கூட்டத்திலேயே நின்றிருந்தாள். அவள்தான் முதலில் அழுதவள்.

"நான் ஒண்ணும் பண்ணல. தண்ணி நல்ல தண்ணி" என்றார் அப்பா.

"அப்ப ஏன் கறுக்குது?"

அப்பா சுற்றிலும் பார்த்தார். நான் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றிருந்தேன். சட்டென்று அதை வாங்கிப் பாதியைக் குடித்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என்னுடைய தேத்தண்ணீர்!

கூட்டம் அப்போதும் விடவில்லை. "வீம்புக்கு அவரு குடிப்பாரு. பொண்டாட்டி பிள்ளைக்குக் குடுப்பாரா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அம்மா வீட்டுப்படியிலிருந்து இறங்கி வந்தாள். அப்பா கையிலிருந்த கோப்பையை வாங்கினாள். மிச்சமாவது கிடைக்கட்டும் என்று நான் கையை நீட்டி, "எனக்கும்மா!" என்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து, மூச்சுவிடாமல், அடி மண்டிவரை குடித்து முடித்தாள். கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை. என் கையைப் பிடித்துச் சின்னம்மாவின் கையில் கொடுத்து, "பாத்துக்க" என்றாள்.

நான் தரையில் உருண்டு அழுதேன். வாரம் முழுக்கக் காத்திருந்த தேத்தண்ணீரைக் கண்முன்னால் இரண்டு பேரும் பங்குபோட்டுக் குடித்தால் எந்தப் பிள்ளைதான் அழாது? கூட்டம் அப்பாவையும் அம்மாவையும் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றது. அவர்கள் இருவரும் படியில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வீட்டில் அவர்கள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

சார்ஜன் ஆள் அனுப்பி, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் சைக்கிளில் வந்து சேர வெகுநேரமானது. வந்தவர் குழாயைத் திறந்து முகர்ந்தார், ஒரு வாய் வைத்துக் கொப்பளித்துத் துப்பினார். எங்கள் வாசலில் நேற்று மாலையே பிடித்துவைத்திருந்த வாளிக்குள் எட்டிப் பார்த்தார். கண்ணாடியாக இருந்த தண்ணீரின் அடியில் காவிப்பொடி படிந்திருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

மழைத்தண்ணீர்ப் பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்துக் காய்ச்சித் தேயிலை போடச் சொன்னார். நல்ல சிவப்பில் வந்தது. எங்கள் கதவோரம் கிடந்த துருப்பிடித்த ஆணி ஒன்றை எடுத்து, துருவைச் சுரண்டி அதில் போட்டுவிட்டு, வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கொஞ்சங் கொஞ்சமாக அந்தத் தேத்தண்ணீரும் கறுத்தது.

"பாத்தீங்களா? விஷமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. பூமிக்கடியில இரும்பு இருக்கு, அது தண்ணியில வருது. தேயிலை பட்டா கறுக்கும். வெள்ளத்துணி மஞ்சளாவும். ராத்திரி வாளியில பிடிச்சுத் திறந்து வச்சு, தெளிஞ்சத மட்டும் எடுங்க. தெளிவா இருந்தா நல்ல தண்ணின்னும் இல்ல, கறுத்தா கெட்ட தண்ணின்னும் இல்ல" என்றார். ஒரு போத்தலில் தண்ணீர் பிடித்து, மெழுகால் மூடி, எதற்கும் இருக்கட்டும் என்று சிரம்பானுக்குச் சோதனைக்கு அனுப்பிவைத்தார். அங்கிருந்தும் பிறகு அதே பதில்தான் வந்தது.

அப்பாடா என்று லயம் மொத்தமும் மூச்சுவிட்டது. சார்ஜன் தொப்பியை ஒழுங்காக மாட்டிக்கொண்டு அப்பாவின் தோளைத் தட்டினார். சாவியைப் பற்றிக் கேட்டவரே அப்பாவுக்குச் சுருட்டு கொடுத்தார். அப்பா சிரித்தார், சிரித்தார், நிறுத்த முடியாமல் சிரித்தார். அம்மா எழுந்து வீட்டுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். சின்னம்மா மட்டும் என் கையை விடவே இல்லை. மறுபடி தேத்தண்ணீருக்கு ஓடுவேன் என்றுதான் இறுக்கிப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்து அவளைக் கிள்ளினேன்.

அந்தக் கோபம் எனக்கு லேசில் ஆறவில்லை. பெரியவளான பிறகும், வீட்டுக்கு யார் வந்தாலும், "எங்கம்மா ஒருநாள் என் தேத்தண்ணிய ஒரு வாய்கூட வைக்காம குடிச்சிட்டாங்க" என்று கோள் சொல்வேன். அம்மா மறுத்ததில்லை.

"ஆமா, அன்னிக்கு எனக்கு அப்படி ஒரு தாகம்" என்பாள்.

டின் பால் வாடைக்கே மூக்கைச் சுளிக்கிறவள் அவள். இது எனக்கு ஏழு வயதிலேயே தெரியும். தெரிந்தும், அந்தத் தாகம் என்ன தாகம் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.