அம்மா குளிக்கிறா

பாடசாலையில் நேர அட்டவணை போடுவது இருபது வருடமாக என் வேலை. எந்த ஆசிரியர் எத்தனை மணிக்கு எந்த வகுப்பில் நிற்க வேண்டும் என்பதை நான்தான் தீர்மானிப்பேன். யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அது அவர்கள் பாடு. அதனால் என் இதயத்து வால்வை மாற்றும் நாள் முடிவானபோதும் முதல் வேலையாக ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டேன்.

சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சல் அந்த வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. ஐம்பத்து மூன்று வயதில், வெள்ளவத்தைத் தொடர்மாடியில் எங்கள் வீட்டுக்கு ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். அரசாங்க வைத்தியசாலையில் ஒரு வருடத்துக்கு மேல் முறைக்குக் காத்திருந்த பிறகு அழைப்பு வந்தது. அடுத்த வியாழன் வந்து படுக்க வேண்டும், வெள்ளி சத்திரசிகிச்சை. தவறவிட்டால் மறுபடி எப்போது என்று அவர்களுக்கே தெரியாது.

எங்கள் ஒரே மகள் மெல்பேணில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கடைசிப் பரீட்சையும் அதே வெள்ளிதான் தொடங்குகிறது. அம்மாவின் நெஞ்சைத் திறக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால் புத்தகத்தை மூடிவிட்டு விமானம் ஏறிவிடுவாள். நான்கு வருடப் படிப்பு வீணாகும். ஆகவே பரீட்சை முடியும்வரை அவளுக்குத் தெரியக்கூடாது என்று முடிவெடுத்துக் கணவருக்கு அறிவித்தேன்.

“என்னைப் பொய் சொல்லச் சொல்லுறீரோ?” என்றார்.

“நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். நானே சொல்லுவன்.”

பரீட்சைக் காலத்தில் அழைத்துக் கதைப்பதில்லை, காலையில் ஒரு குரல் பதிவு மட்டும் என்பது எனக்கும் மகளுக்கும் இடையில் ஏற்கனவே இருந்த ஒழுங்கு. அதையும் நான்தான் போட்டேன். புதன்கிழமை பின்னேரம் கட்டிலில் சாய்ந்திருந்து, ஏழு நாளுக்கு ஏழு பதிவுகளைப் போனில் செய்துவைத்தேன். படிக்கட்டில் குட்டி போட்ட பூனை, அப்பா சோற்றைக் குழைத்துவிட்ட கதை, மேல்வீட்டுக்காரரின் புதுத் தலைமயிர்ச் சாயம். “இப்பதான் எழும்பித் தேத்தண்ணி குடிக்கிறன் பிள்ளை” என்று தொடங்குவேன், மூச்சு முட்டினால் அழித்துவிட்டு மறுபடி எடுப்பேன். அந்த வாரம்தான் பல் வைத்தியர் என் இரண்டு பல்லைப் பிடுங்கியிருந்தார். சொத்தைப் பல்லின் கிருமி புது வால்வுக்குப் போய்விடுமாம். அதனால் சில சொற்கள் காற்றாகப் போயின. மூன்றாம் நாளைத் தொடங்கும்போது கீழே பாட்டுப் போட்டுக்கொண்டு பேக்கரிக்காரரின் பாண் ஆட்டோ வந்து நின்றது. கணவர் பணிஸ் வாங்க இறங்கினார். நான் வேலையை நிறுத்தவில்லை.

முடித்ததும் போனை அவரிடம் கொடுத்து, “வெள்ளியில இருந்து காலமை ஆறரைக்கு ஒண்டொண்டா அனுப்ப வேணும். ஒழுங்கு மாறக்கூடாது” என்றேன். மாணவத் தலைவனைப் போலத் தலையாட்டினார்.

சத்திரசிகிச்சையைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. கண் விழித்தபோது தொண்டையில் குழாய் இருந்தது. ஒரு தாதி குனிந்து, “அம்மே, ஹுஸ்ம கன்ன” என்றாள். சிங்களத்தில் மூச்சு எடுக்கச் சொல்கிறாள் என்பது விளங்கியது. எடுத்தேன். உயிரோடு இருக்கிறேன் என்பதும் விளங்கியது. ஆனால் அதற்காகச் சந்தோஷப்பட வேண்டியவள் வேறு யாரோ என்று தோன்றியது.

அடுத்த நாட்களும் அப்படித்தான் போயின. தையல் ஓடிய இடத்துக்கு இரு பக்கமும் தோல் விறைத்துக் கிடந்தது. உள்ளேயும் அதே நிலைமை. பயமும் இல்லை, ஆறுதலும் இல்லை. இருமச் சொன்னார்கள், வெட்டிய நெஞ்செலும்பு அசையாதபடி தலையணையை அணைத்துக்கொண்டு இருமினேன். நடக்கச் சொன்னார்கள், நடந்தேன். கஞ்சி தந்தார்கள், குடித்தேன். பக்கத்துக் கட்டில் பெண் கடவுளுக்கு நன்றி சொல்லிச் சொல்லி அழுதாள். இவளுக்கு எங்கிருந்து இவ்வளவு கண்ணீர் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணவர் தினமும் வந்து, “அனுப்பிட்டன்” என்பார்.

“என்ன சொன்னவள்?”

“‘சரி அம்மா’ எண்டு எழுதியிருக்கிறாள்.”

நான் ஒரு நிமிடம் பேசி அனுப்பினால் ஐந்து நிமிடம் பேசி அனுப்புகிறவள் என் மகள். இப்போது எழுத்தில் இரண்டே சொல். பரீட்சை நெருக்கடி என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்க மனம் வரவில்லை.

எட்டாம் நாள் பதிவுகள் தீர்ந்துவிட்டன. காய்ச்சல் விட்டு விட்டு வந்ததால் நான் இன்னும் வைத்தியசாலை வாட்டிலேயே கிடந்தேன். கணவர் போனை என் வாய்க்கருகே பிடித்தார். குழாய் உரசிய தொண்டையிலிருந்து தகரத்தைச் சுரண்டுவது போலச் சத்தம் வந்தது.

“பிள்ளை, எனக்குச் சளி பிடிச்சுப்போச்சு. நீ நல்லா எழுது.”

நடுவில் ஒரு இருமலும் விழுந்துவிட்டது. “திரும்ப எடுப்பமோ?” என்றார். “போகட்டும்” என்றேன். நான் ஒரு காரியத்தைப் போகட்டும் என்று விட்டு அவர் கண்டதில்லை. பயந்துபோய்த் தாதியைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒன்றும் மாறவில்லை. இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை, அதற்கு இரத்தப் பரிசோதனை. பார்க்க வந்தவர்கள் அப்பிளும் பால்மா டின்னும் வைத்துவிட்டு மறுபிறவி என்றார்கள். புது உலோக வால்வின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்ட கணவர், “வேலை செய்யுது” என்று திருப்திப்பட்டார். இப்படியான சத்திரசிகிச்சைக்குப் பிறகு மனம் மரத்துப்போவது உண்டு, நாளாகச் சரியாகும் என்றார் வைத்தியர். எந்த நாள் என்று கேட்டேன். சிரித்தார்.

மகளின் பரீட்சை முடிந்த அன்றே கணவர் அவளை அழைத்து உண்மையைச் சொன்னார். நான்காம் நாள் அவள் வந்துவிட்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்து, என் பக்க நியாயங்களை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அவள் கத்தவில்லை. கட்டில் ஓரத்தில் இருந்து தன் போனை எடுத்து மூன்றாம் நாள் பதிவைப் போட்டாள்.

“இப்பதான் எழும்பித் தேத்தண்ணி குடிக்கிறன் பிள்ளை” என்றது என் குரல், உற்சாகமாக. பின்னால் பாண் ஆட்டோவின் பாட்டு. நான்காம் நாளைப் போட்டாள். அதே பாட்டு. ஐந்தாம் நாளிலும் அதே.

“பின்னேரம் வாற பாண் ஆட்டோ எப்பம்மா காலமையில வரத் தொடங்கினது?”

நான் போனுக்குக் கையை நீட்டினேன். அவள் தரவில்லை.

“நாலாம் நாளே விளங்கிட்டுது. எல்லாம் ஒரே நேரத்தில எடுத்து வச்சது எண்டு. அம்மா எங்க எண்டு அப்பாவுக்கு எழுதினன். ‘அம்மா குளிக்கிறா’ எண்டார். அடுத்த நாளும் கேட்டன். குளிக்கிறாவாம். அதுக்கு அடுத்த நாளும் குளிச்சீங்கள்.”

குசினி வாசலில் நின்ற கணவர் மெதுவாக உள்ளே போய்விட்டார்.

“தெரிஞ்சும் ஏன் என்னட்டக் கேட்கேல்லை?” என்றேன்.

“நான் சோதினையை விட்டுப்போட்டு வந்தா நீங்கள் தாங்க மாட்டீங்கள். அதாலதான் கேட்காமல் சோதினையை எழுதினனான்.” போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். “ஆனா அம்மா, நீங்கள் செத்திருந்தாலும் அடுத்த நாள் காலமை அது வந்திருக்கும்தானே. பூனையைப் பற்றிக் கதைச்சிருப்பீங்கள். எத்தினை எடுத்து வச்சிருக்கிறீங்கள் எண்டும் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் அதைக் கேட்டுப்போட்டுத்தான் படிக்க இருந்தனான்.”

அவள் போனை மறுபடி நிமிர்த்தினாள்.

“பிறகு சளி எண்டு ஒண்டு அனுப்பினீங்கள். கிழிஞ்ச குரலில, இருமலோட. அதைத் திரும்பத் திரும்பக் கேட்டன். அண்டைக்குத்தான் நித்திரை கொண்டனான்.”

நெஞ்செலும்பின் நடுவில் பலமாக நொந்தது. நான் அழுகிறேன் என்பது அந்த நோவு வந்த பிறகுதான் தெரிந்தது. நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. மகள் தலையணையை எடுத்து என் நெஞ்சில் வைத்து, அதற்கு மேலால் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“அத்தனை நாளும் உனக்கு நான் செத்துப்போய்க் கிடந்தனான் என்ன?” என்றேன்.

“ஓம்” என்றாள்.