செம்மொழியின் வால் நட்சத்திரம்

ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கிராமத்தில் நடவுக்கூலி ராமாயியின் மகள் செம்மொழி. தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றில் இயற்பியல் நடத்துகிறாள். சாயங்காலமானால் மொட்டைமாடியில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு வால் நட்சத்திரம் தேடுவாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? ‘அந்தப் பொண்ணு வானத்துல வரன் பாக்குது’ என்று கேலி பேசியது. அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

போன மாசியில் மேற்கே எடுத்த படங்களில், பஞ்சுப் பிசிறு மாதிரி ஒன்று மெல்ல நகர்ந்திருந்தது. அதுவரை யாரும் சொல்லாத வால் நட்சத்திரம்! ஆனால் ஒருநாள் பார்த்ததை உலகம் நம்பாது. மறுநாளும் படம் பிடித்து அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகு அது சூரிய வெளிச்சத்துக்குள் மறைந்துவிடும். கையில் இருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான்.

அன்றைக்குப் பார்த்தா மேற்குத் தெருப் பிரகதாம்பாள் மகளுக்கு நிச்சயதார்த்தம் வர வேண்டும்? தெரு நெடுக ட்யூப்லைட், சீரியல் செட். மேற்கு வானமே வெளுத்துக் கிடந்தது.

செம்மொழி அந்த வாசலில் போய் நின்றாள். அவர்கள் வயலில்தான் ராமாயி காலமெல்லாம் குனிந்து நாற்று நட்டது. விளக்கு வைக்கிற நேரத்தில், சுபகாரிய வீட்டில் போய் லைட்டை அமர்த்தச் சொல்ல யாருக்கு நாக்கு எழும்? இருந்தும் வால் நட்சத்திர விஷயத்தைச் சொல்லிக் கேட்டுவிட்டாள்.

“கால் மணி நேரம் போதும்ங்க.”

“அதுவும் வால் நட்சத்திரத்துக்கா? கல்யாணம் நல்லபடியா நடக்க வேணாமா?” என்று பெண்ணின் பெரியப்பா பஞ்சநதம் எகிறினார்.

பிரகதாம்பாள் செம்மொழியை ஏற இறங்கப் பார்த்தாள்.

“விளக்கு உள்ள சாமிகிட்ட எரியுது. வயர்ல தொங்குறதெல்லாம் விளக்கா?” என்றவள், மகனைக் கூப்பிட்டாள். “சதீஷ், மெயின ஆஃப் பண்ணுடா. நீ ஓடு தாயி.”

பெற்றவளுக்கு அடுத்தபடி அந்தம்மாவைத்தான் கும்பிடுவேன் என்று செம்மொழி இன்றைக்கும் சொல்கிறாள்.

மாடிக்கு ஓடினாள். அடிவானத்துக்குச் சற்று மேலே அது இருந்தது, குட்டி வாலோடு. படம் பிடித்தாள், இடத்தைக் கணக்கிட்டாள், அனுப்பினாள். கால் மணி நேரம் எப்போதோ போய்விட்டிருந்தது.

இறங்கி ஓடி வந்தால் தெரு இன்னும் இருட்டாகவே கிடந்தது. மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத் தட்டுகளோடு, குத்துவிளக்கு வெளிச்சத்தில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பஞ்சநதமும்தான்.

நன்றி சொல்ல வாயெடுத்தவளுக்கு அழுகைதான் வந்தது. பிரகதாம்பாளைப் பார்த்துக் கையை மட்டும் கூப்பினாள்.

“அழுவாத. பாத்தியா, இல்லியா?”

“பாத்துட்டேங்க.”

“சதீஷ், லைட்டப் போடுடா,” என்றாள் பிரகதாம்பாள்.