மகள் முடி வெட்டியதற்கு நான் சொன்ன காரணம்

சுரங்கத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க நான் ஒட்ட வெட்டிய தலையோடுதான் திரிந்தேன். ஹெல்மெட், வியர்வை, கரித்தூசி. வேறு எப்படி வெட்டுவது? ஏன் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அதே சுரங்கத்துக்கு வேலைக்குப் போகிற என் மகள் முடியைக் குறைத்தபோது மட்டும் ஊருக்கே காரணம் தேவைப்பட்டது. நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. அதில் பெரும்பங்கு என் மேல்தான்.

அவளுக்கு இடுப்பு வரை அடர்ந்த சுருட்டை முடி. காலை ஷிஃப்டுக்கு ஈரம் காயாமலே கொண்டை போட்டு, அதன் மேல் ஹெல்மெட்டை அழுத்திக்கொண்டு ஓடுவாள். திரும்பும்போது தலைவலியோடு வருவாள். ஒருநாள் கழுத்தளவு முடியோடு வந்து நின்றாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா விட்டிருப்பீங்களா? இன்னும் ஒட்ட வெட்டினா சுருட்டை முடி குத்திக்கிட்டு நிக்கும். இந்த அளவுன்னா ஹெல்மெட்டுக்குள்ள அடங்கும், சீக்கிரம் காயும். எல்லாம் யோசிச்சுதான்பா வெட்டினேன்."

நியாயமான பதில். நான் ஓய்வுபெற்று என் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபின் அவள் பேரில் ஒதுக்கிய குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறேன். அவள் போடுகிற சோற்றைத் தின்றுகொண்டே அவள் தலையைப் பார்த்து முகம் சுளித்தேன்.

மறுநாள் பால் பூத்தில் என் பழைய சகா ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"என்ன சார், பாப்பா முடி இறக்கிடுச்சா? எந்தக் கோயிலுக்கு?"

ஒரு பெண்ணின் தலையில் முடி குறைந்தால் அதைச் சாமிக்குக் கொடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அவளுக்குப் புத்தி கெட்டிருக்க வேண்டும். இதைத் தவிர மூன்றாவது காரணம் இவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தும் நான் சாமியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு வேண்டுதல்ங்க."

"எதுக்கு?"

"கொஞ்ச நாளா உடம்பு சரியில்ல."

"அடடா, வெளியில சொல்லவே இல்லையே. பெரிய வியாதியா சார்?"

நான் கையிலிருந்த பால் பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டார்.

அந்த வாரமே எதிர்வீட்டு அம்மா வந்து மகள் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுப் போனாள். மகள் சிரித்தாள். அடுத்த வாரம் சிரிக்கவில்லை. அவளுடைய அதிகாரியின் காதுக்கும் செய்தி போயிருந்தது. அந்த மனிதர் இரக்கப்பட்டு, உடம்பு தேறும்வரை சுரங்கத்துக்குள் இறங்க வேண்டாம், ஆபீஸிலேயே உட்காரம்மா என்று சொல்லிவிட்டார். சுரங்கத்தில் இறங்குகிற வேலைக்காக அவள் எத்தனை பேரிடம் வாதாடினாள் என்பது எனக்குத் தெரியும்.

"எனக்கு என்ன வியாதின்னு நீங்களாவது சொல்லுங்கப்பா" என்றாள்.

பால் பூத்தில் நடந்ததைச் சொன்னேன். அவள் கத்தவில்லை.

"நீங்க கட்டின கதை. நீங்களே போய்ப் பிரிச்சுட்டு வாங்க."

முதலில் பால் பூத்துக்குப் போனேன். வியாதியும் இல்லை, வேண்டுதலும் இல்லை, ஹெல்மெட்டுக்காக வெட்டினாள் என்றேன். சகா என் தோளைத் தட்டினார். "புரியுது சார். மனசைத் தேத்திக்குங்க." பொய்யை ஒரே வார்த்தையில் நம்பியவருக்கு உண்மை மட்டும் தொண்டைக்குள் இறங்கவில்லை.

அங்கிருந்து அதிகாரியின் வீட்டுக்குப் போனேன். என் மகள் வயதுதான் அவருக்கு. நான் சொன்னது பொய் என்றேன்.

"பெத்த பொண்ணுக்கு யாராவது வியாதின்னு சொல்லுவாங்களா சார்?"

"முடி வெட்டினதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"வியாதின்னு சொல்ல வெக்கமா இல்லையா?"

அவளை மறுபடி சுரங்கத்துக்குள் இறங்க விடச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

திங்கட்கிழமை அவள் மறுபடி சுரங்கத்தில் இறங்கினாள். என்னிடம் வேளாவேளைக்கு "சாப்பிட்டீங்களா" என்று மட்டும் கேட்கிறாள். அதற்கு மேல் பேசச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை.