ராட்கா வீட்டு நாற்பது நாள்

ஸ்லிவென் நகரத்து மருத்துவமனை ஒன்றில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்ப்பவள் ஸ்லாத்தினா. வேலை முடிந்ததும் மற்றவர்கள் பஸ்ஸுக்கு ஓடுவார்கள்; அவள் மாடியேறுவாள். குறைமாதக் குழந்தைகள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் பிரிவு அங்கேதான். வெளியே பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருக்கும் பெற்றோரைத் தயிரும் ரொட்டியும் கொடுத்துச் சாப்பிட வைப்பாள். டாக்டர் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போனதை நிதானமாகத் திருப்பிச் சொல்வாள். யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை. பத்தொன்பது வருடமாக அவள் விட்டதுமில்லை. இப்படி ஒரு மனுஷியை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

அந்த வசந்தத்தில் ஆயிரத்து நூறு கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை வந்தது. அப்பன் தினமும் வந்தான், அம்மாவைக் காணோம். தாய் மார்போடு அணைத்திருந்தால்தான் மூச்சு சீராகும், தாய்ப்பாலும் வேண்டும் என்று சொல்லிச் சொல்லி டாக்டருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அப்பன் தரையைப் பார்த்தபடி நின்றான். ஸ்லாத்தினாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் வாசல் தாண்டக் கூடாது. அந்த வீட்டில் வழக்கத்துக்குக் காவல் மாமியார் ராட்கா.

மறுநாள் அவர்கள் வீட்டுக்கே போனாள். ராட்கா மரியாதையாகக் காபி கொடுத்தாள். மருமகள் பில்யானா அழுது வீங்கிய முகத்தோடு அறை வாசலில் நின்றாள். பிறந்து ஒன்பது நாளாகியும் குழந்தையைத் தொடவில்லை அவள். ராட்கா கெட்டவள் இல்லை, பயந்தவள். பச்சை உடம்போடு வெளியே போனால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாது என்று மனதார நம்பினாள். டாக்டர் நேற்று வந்தவர், வழக்கம் என்றைக்கோ வந்தது என்று ஒரே போடாகப் போட்டாள்.

ஸ்லாத்தினா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நானும் நாப்பது நாள் வீட்டுலயே இருந்தேன் அக்கா. யாரும் சொல்லல, நானாத்தான் இருந்தேன். இருபத்தோராம் நாள் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியிலயே பையன் போயிட்டான். அவன் முகத்தை நான் சவப்பெட்டியிலதான் பார்த்தேன்."

ராட்கா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அதுக்காக வழக்கத்தை உடைக்கச் சொல்றியா?"

"உடைக்க வேணாம், நாளைச் சரியா எண்ணுங்க. வயித்துல இருக்க வேண்டிய புள்ள இன்னும் கண்ணாடிக்குள்ள இருக்கு. பிரசவமே முடியல அக்கா. அது வீட்டுக்கு வர்ற அன்னிக்குத்தான் முதல் நாள்."

ராட்கா விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். பிறகு எழுந்து மருமகளின் கோட்டை எடுத்துவந்து மாட்டிவிட்டாள். கண் படாமலிருக்க மணிக்கட்டில் சிவப்பு நூலும் கட்டினாள்.

அன்று முதல் பில்யானாவோடு ராட்காவும் மருத்துவமனைக்கு வந்தாள். வராந்தாவில் உட்கார்ந்து, மருமகளை வீட்டில் பூட்டிவிட்டு வந்த மாமியார்களிடம், பிரசவம் இன்னும் முடியவில்லை, போய் அவளைக் கூட்டி வா என்று அதட்டினாள். கண்டுபிடித்ததே தான்தான் என்கிற தோரணை.

பிறந்த அறுபத்திரண்டாம் நாள் குழந்தை வீட்டுக்குப் போனது. அடுத்த நாள் ஸ்லாத்தினா ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போனாள். ராட்கா கதவை ஒரு சாண் திறந்து ரொட்டியை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

"இன்னிக்கு ரெண்டாம் நாள். முப்பத்தெட்டு நாள் கழிச்சு வா."

கதவு சாத்திக்கொண்டது. ஸ்லாத்தினாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது. தாய் தூக்கி அழுகை அடங்கும்வரை ஸ்லாத்தினா வாசலிலேயே நின்று கேட்டாள். பிறகு பஸ் பிடித்து மருத்துவமனைக்குப் போனாள்.